கப்பல்துரைக்கு ஒரு விண்ணப்பம்

இருபது வருடத்துக்கு மேல் நான் மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்தேன். புத்தகத்தை அல்ல, பேச்சை மொழிபெயர்ப்பவன். ஆஸ்பத்திரி, நீதிமன்றம், பள்ளிக்கூடம், குடிவரவு அலுவலகம் என்று சிட்னியில் தமிழர் ஆங்கிலத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கும் இடமெல்லாம் நடுவில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சொன்னதையெல்லாம் சொல், சொல்லாததைச் சேர்க்காதே, எதையும் விடாதே. இதுதான் எங்கள் தொழிலின் சட்டம். அதற்குப் பரீட்சை எழுதி, சத்தியமும் செய்துகொடுத்து, படம் ஒட்டிய அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தேன். ஓய்வு பெற்றபோது ஒரு கண்ணாடிக் கிண்ணம் தந்தார்கள். நம்பிக்கைக்குரிய சேவைக்காக என்று அதில் பொறித்திருந்தது. என் மனைவி அதை வரவேற்பறையில் வைத்தாள். நான் எடுத்துக் குசினி அலுமாரியின் மேல்தட்டில், மாவரிக்கும் அரிதட்டுக்குப் பின்னால் வைத்தேன். இடம் காணாது என்று அவளிடம் சொன்னது பொய்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மீன்கடையில் நின்றபோது என் கைத்தொலைபேசி அடித்தது. அந்தக் கடையில் மீன் வெட்டுபவர் மன்னார்க் கரையில் பிறந்தவர், என் ஊரிலிருந்து நாலு ஊர் தள்ளி. நாற்பது வயதைக் கடந்தவர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் எத்தனை மணிக்குப் போனாலும் என் மீனைக் கடைசியாகத்தான் வெட்டுவார். "கொஞ்சம் நில்லுங்கோ அங்கிள், உங்களுக்கு ஆறுதலா வெட்டித் தாறன்" என்பார். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, கடையில் யாரும் இல்லாதபோது, என் விளைமீனைப் பலகையில் வைப்பார். மரியாதைக்குச் செய்கிறார் என்று நினைத்தேன். மரியாதை என்றாலும் கால் உளையத்தானே செய்கிறது, அதனால் உள்ளுக்குள் கொஞ்சம் சினமும் இருந்தது.

தொலைபேசியில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. எங்கள் பங்குச் சாமியாரிடம் என் இலக்கத்தை வாங்கினாராம். அவருடைய பாட்டனின் தகப்பனான பூட்டனார் பிரிட்டிஷ் கடற்படையில் கப்டனாக இருந்தவர். துறைமுகத்தின் வடகரையில் அவர் கட்டிய வீட்டை இப்போது ஒரு சிறு காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். புதிதாக வெள்ளையடித்து, பலகைகளெல்லாம் திருத்தி எழுதித் திரும்பத் திறக்கப்போகிறார்கள். அங்கே சுவரில் ஒரு தமிழ்க் கடிதம் இருக்கிறது. மன்னார்க் கரை மக்கள் கப்டனுக்கு எழுதிய நன்றிக் கடிதம். திறப்பு நாளில் அதை ஒரு தமிழர் வாய்விட்டு வாசித்து, ஆங்கிலத்திலும் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று கேட்டார்.

மன்னார் என்றதும் எனக்கு வாய் காது வரைக்கும் போய்விட்டது. நானும் மன்னார்தான் என்றேன். அந்த அம்மா சந்தோஷத்தில் ஒரு சின்னக் கூச்சலே போட்டார். கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினார். மேலே ஐந்து வரியை வாசித்தேன். துரை, தயவு, தாய் தகப்பன் என்று ஒரே புகழ்ச்சி. பழைய கையெழுத்து, புள்ளி வைக்காத எழுத்து, ஆனாலும் வாசிக்க முடிந்தது. மிச்சத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டேன். கடிதத்தின் தலையிலேயே 'விண்ணப்பம்' என்று எழுதியிருந்தது. நன்றி சொல்லுகிறவன் எதற்கு விண்ணப்பம் என்று தலைப்புப் போடுகிறான்? இருபது வருட அனுபவக்காரனுக்கு அது உறைக்கவில்லை.

திறப்பு நாளன்று கோட் போட்டுக்கொண்டு ரயிலில் சேர்க்குலர் கீ படகுத்துறை வரை போய், படகு ஏறி, மேட்டில் நடந்து அந்த வீட்டுக்குப் போனேன். நேரத்தோடு போனதால் அந்த அம்மாவே வீட்டைச் சுற்றிக் காட்டினார். எண்பது வயதிருக்கும். படி ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு அறை, நாலு அறையிலும் கப்டனின் வாழ்க்கை. முதல் அறையில் பதின்மூன்று வயதில் கப்பலேறிய பொடியன், பெரிய தொப்பி, பயந்த கண். அடுத்ததில் சீனக்கரையில் பீரங்கிப் படகு. மூன்றாவதில் இலங்கை, திருகோணமலைத் துறைமுகம், மன்னார்க் கடலின் முத்துச்சிப்பிப் பார்களுக்குக் காவல். கடைசி அறையில் சிட்னி, பசிபிக் தீவுகளில் ரோந்து, பதவி உயர்வு, வாள், பதக்கங்கள், ஓய்வு, ரோசாத் தோட்டம்.

பலகைகளின் வினைச்சொற்களைத்தான் நான் பார்த்துக்கொண்டு வந்தேன். அது தொழில் வியாதி. கப்டன் எந்த இடத்திலும் சுடவில்லை, கொளுத்தவில்லை. "சென்றார்", "காத்தார்", "ஒழுங்கை நிலைநாட்டினார்". ஒரு தீவின் படத்தில் கரையோரத்தில் புகை எழுந்துகொண்டிருந்தது, கீழே "ஒழுங்கை நிலைநாட்டியபின்" என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற கிழவிக்கு முன்னால் எப்படிச் சிரிப்பது?

மூன்றாவது அறையில் கடிதம் இருந்தது. நல்ல தேக்குச் சட்டம். மேலே ஒரு முழ நீளத்தில் தமிழ், கீழே கப்டனின் கப்பலில் இருந்த மொழிபெயர்ப்பாளர் எழுதிக்கொடுத்த ஆங்கிலம், நாலே நாலு வரி. ஒரு முழம் எப்படி நாலு வரியானது என்று நூற்றுச் சொச்சம் வருடமாக அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. கப்டனுக்கும் தோன்றியிருக்காது. அவர் அந்த நாலு வரியைப் படியெடுத்துத் தன் அறிக்கையோடு மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார். சுதேசிகள் நேசித்த அதிகாரி என்று அவருடைய கோப்பில் குறிப்பு ஏறியிருக்கிறது. அடுத்த உயர்வு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அந்த அம்மா பெருமையோடு சொன்னார்.

முப்பது பேர் வரை அறைக்குள் கூடினார்கள். உள்ளூராட்சி உறுப்பினர் ஒருவர் மாலையில்லாத குறையாக நடுவில் நின்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன்.

"மகா கனம் பொருந்திய கப்பல்துரை அவர்கள் சமூகத்துக்கு, முத்துக் குளிகாரன் பெண்சாதி எழுதிவித்துக்கொண்ட விண்ணப்பம். துரையவர்கள் எங்களுக்குத் தாயும் தகப்பனுமாயிருக்கிறபடியாலும், துரையவர்களுடைய கப்பல் எங்கள் கரையில் நிற்கிறபடியால் ஏழைகளாகிய நாங்கள் பயமில்லாமல் நித்திரை செய்கிறபடியாலும், துரையவர்களுடைய தயவை எங்கள் பிள்ளைகளும் மறவார்கள்."

நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னேன். கரை மக்கள் என்றீர்களே, இது ஒரு பெண் எழுதுவித்ததல்லவா என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள். அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. நான் அடுத்த வரிக்குக் கண்ணைக் கொண்டுபோனேன். "இப்பவும்," என்று தொடங்கியது.

பழைய கடிதம் வாசித்தவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். நாங்கள் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதி 'நிற்க' என்று போடுவோமே, அந்த இடம். அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் செருப்பைக் கழற்றிவைப்பது மாதிரி, அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் போவது. எங்கள் ஆட்கள் பெரிய இடத்தில் ஒன்றைக் கேட்கப் போனால் எடுத்த எடுப்பில் கேட்கமாட்டார்கள். என் அப்பா பங்குச் சாமியாரிடம் வேலித் தகராறு சொல்லப் போனால் அரை மணி நேரம் அவருடைய பிரசங்கத்தைப் புகழ்ந்துவிட்டு, எழும்பிப் போகிற மாதிரிப் போய், வாசலில் நின்று திரும்பித்தான் வேலியைப் பற்றித் தொடங்குவார். எங்கள் கரையில் புகழ்ச்சி என்றாலே பின்னால் ஒரு 'ஆனால்' வருகிறது என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் மனத்துக்குள் வாசித்தேன். "இப்பவும், என் புருஷன் முத்துக் களவெடுத்தாரென்று பிடித்துத் துரையவர்களுடைய கப்பலில் வைத்து இன்றைக்கு ஒன்பது நாளாயிற்று. அவர் களவெடுத்தவரல்ல. கேட்கிற கேள்விக்கு அவர் மறுமொழி சொல்லாததற்குக் காரணம் களவுமல்ல, கர்வமுமல்ல. ஆழத்தில் குளித்துக் குளித்து அவருக்கு இரண்டு காதும் போய்விட்டது. அவருக்குக் கேளாது. என்னைக் கப்பலுக்கு அழைப்பித்தால் நான் அவரிடம் சைகையினாலே கேட்டுச் சொல்லுவேன். நான் கரையிலே நின்றுகொண்டிருக்கிறேன்."

அறையில் எல்லோரும் புன்னகையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூராட்சி உறுப்பினர் மணிக்கூட்டைப் பார்த்தார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான்" என்றேன்.

திரும்பவும் கைதட்டினார்கள். தேத்தண்ணீரும் ஜாம் வைத்த பணியாரமும் தந்தார்கள். நான் தின்றேன். இரண்டு தின்றேன். இதை எழுதும்போது எனக்கு அந்தப் பணியாரம்தான் எல்லாவற்றையும் விட வெட்கமாக இருக்கிறது.

படகில் திரும்பி வரும்போது, 'அவ்வளவுதானா?' என்ற கேள்விக்கு அந்தப் பதிலை நான் சொன்னது முதல் தடவையல்ல என்பது தெளிவாகத் தெரிந்தது. தெரியாமல் இருந்ததில்லை. அதைத் தெரியாதது போல வைத்திருக்க நான் பழகியிருந்தேன்.

பத்து வருடத்துக்கு முந்திய கதை. படகில் வந்தவர்களை அடைத்துவைத்திருந்த முகாம் ஒன்றில் ஒரு நேர்காணல். சின்ன அறை, மேசையில் பதிவுக் கருவி, ஓர் அதிகாரி, ஓர் இளைஞன், நடுவில் நான். கேள்விகள் முடிகிற நேரம் அதிகாரி ஒரு தாளைப் பார்த்து, "இங்கே நீங்கள் நடத்தப்படும் விதம் பற்றியோ வேறு எதைப் பற்றியோ சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

இளைஞன் கதிரையின் நுனிக்கு வந்து கையைக் கும்பிட்டான். "ஐயா, உங்களுக்குக் கோடி புண்ணியம். நேரத்துக்குச் சாப்பாடு தாறியள், படுக்க இடம் தாறியள், ஒரு குறையும் இல்லை ஐயா. நீங்கள் எங்களுக்குக் கடவுள் மாதிரி. கரையில வந்து இறங்கின அண்டைக்கு உங்கட ஆக்கள் ஒரு போர்வை தந்தவை, அதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்..."

அது நீண்டுகொண்டே போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்லவேண்டும் என்றால் அவனுக்காக நான் வெட்கப்பட்டேன். என் ஊர்க்காரன் ஒரு வெள்ளைக்காரனுக்கு முன்னால் கும்பிட்டுக் குழைகிறான், அதை நான் ஆங்கிலத்தில் வேறு சொல்லவேண்டும். கடவுள் மாதிரி என்று என் வாயால் அந்த அதிகாரிக்குச் சொல்லவேண்டுமா என்று எரிச்சல். அடுத்த வேலைக்கு வேறு நான் பரமற்றா நீதிமன்றத்தில் நிற்கவேண்டும். எல்லாவற்றையும் சுருட்டி ஒரு வசனமாக்கினேன். "தான் நன்றாக நடத்தப்படுவதாகவும், எந்தக் குறையும் இல்லை என்றும், நன்றி என்றும் சொல்கிறார்."

அதிகாரி எழுதிக்கொண்டார். அந்த நேரம் அவன் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா ஐயா..." என்றான். சத்தம் இறங்கியிருந்தது. அதிகாரி என்னைப் பார்த்து, "அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

அந்த 'ஆனா' எனக்குக் கேட்டது. அதற்குப் பின்னால்தான் விஷயம் இருக்கிறது என்பதும் தெரிந்தது. என் அப்பாவின் பிள்ளைக்கு அது தெரியாமல் போகுமா? "அவ்வளவுதான்" என்றேன். பதிவுக் கருவியை அணைத்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன்.

அவன் சொல்ல வந்தது என்ன என்று நான் தெரிந்துகொள்ள இன்னும் சில வருடம் எடுத்தது. அதுவும் தேடிப் போகவில்லை, தானாக வந்தது. ஒரு சனிக்கிழமை வென்ட்வேர்த்வில்லில் புதிதாகத் திறந்த மீன்கடைக்குள் போனேன். பலகைக்குப் பின்னால் அவன் நின்றான். இனி அவர் என்று எழுதவேண்டும். விசா கிடைத்து, கலியாணம் முடித்து, ஏப்ரன் கட்டி நின்றார். என்னை உடனே அடையாளம் கண்டு, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்க, "இந்த அங்கிள்தான் எனக்காகக் கதைச்சவர்" என்றார். வரிசை முழுதும் திரும்பி என்னை மரியாதையாகப் பார்த்தது.

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். பரவாயில்லை தம்பி, அது என்ர வேலைதானே என்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

பிறகொரு நாள் மீன் வெட்டிக்கொண்டே அவராகச் சொன்னார். தம்பியும் தானும் ஒரே படகில் வந்தவர்கள். கரை இறங்கியதும் பிரித்து, தம்பியை வேறு முகாமில் போட்டுவிட்டார்கள். "அவன் சரியான பயந்தவன் அங்கிள். தனிய இருந்து யோசிச்சு யோசிச்சு, திரும்பிப் போறன் எண்டு கையெழுத்து வைச்சிட்டான். என்னோட ஒரு இடத்தில விட்டிருந்தா நான் விட்டிருக்கமாட்டன்." தம்பி ஊருக்கு அனுப்பப்பட்டு, அங்கே விசாரணையில் கிடந்து, இப்போது மன்னாரில் யாரோடும் பேசாமல் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருக்கிறான். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் இருந்தது அதுதான். தம்பியை என்னிடம் விடுங்கள் என்பதுதான். இதைச் சொல்லிவிட்டு என் விளைமீனை இரண்டு பையில் கட்டித் தந்தார். நான் கடவுளே என்றேன். காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகும் சனிக்கிழமைதோறும் போனேன். கடையை மாற்றினால் ஏன் என்று என் மனைவி கேட்பாள். அதற்குச் சொல்ல என்னிடம் இன்னொரு பொய் இருக்கவில்லை.

கப்டன் வீட்டிலிருந்து திரும்பிய அன்றைக்கு மனைவியிடம்தான் முதலில் சொன்னேன். கடிதத்தைப் பற்றி மட்டும். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவை சந்தோஷப்பட்டவையெல்லே? பிறகென்ன?" என்றாள். "செத்துப்போன கப்டன், செத்துப்போன மனுசி. இப்ப ஆருக்கு என்ன?"

"அந்த மனுசி கரையில நிண்டவ" என்றேன்.

அவள் கீரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எழும்பிப் போய் மேசையில் இருந்து முழு விண்ணப்பத்தையும் ஆங்கிலத்தில் எழுதினேன். எதையும் விடவில்லை, தாயும் தகப்பனும் உட்பட.

இரண்டு நாள் கழித்து அதை எடுத்துக்கொண்டு திரும்பவும் படகு ஏறினேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டு, விரலை வரிக்கு வரி வைத்து வாசித்தார். முடிந்ததும் திரும்ப ஒரு தரம் வாசித்தார். கோபித்துக்கொண்டு எழும்புவார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய், துணியில் சுற்றியிருந்த ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்தார். கப்டனின் நாட்குறிப்பு. மன்னார் நாட்களைத் தேடிப் பிடித்து எனக்கு நேரே திருப்பிவைத்தார். "கைதி இன்றும் இறுமாப்போடு இருக்கிறான். எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை." அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாள், "கரை மக்களிடமிருந்து அழகான நன்றிக் கடிதம். மனம் நெகிழ்ந்தேன்." அதற்குக் கீழே, அதே மையில், "பேசாத கைதியை மாஜிஸ்திரேட்டிடம் ஒப்படைத்தாயிற்று. காற்று தென்மேற்கு." அவ்வளவோடு அந்த மனிதனின் கதை முடிந்துவிட்டது. அதன் பிறகு அவன் எந்தப் பக்கத்திலும் இல்லை.

கப்பலிலிருந்து பார்த்தால் கரையில் நிற்கிற பெண் தெரிந்திருப்பாள். வழியனுப்ப நிற்கிறாள் என்று கப்டன் நினைத்திருக்கலாம். கையைக்கூட அசைத்திருக்கலாம்.

அந்த அம்மா புத்தகத்தை மூடினார். "இது உங்களுக்கு அன்றைக்கே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"ஏன் சொல்லவில்லை? நான் கேட்டேனே."

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். உங்கள் கண்ணீரைப் பார்த்தேன் என்று சொல்லலாம், அதில் பாதி உண்மை. நான் அப்படிப்பட்டவன் என்பதுதான் முழு உண்மை. ஓர் அறையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தால் அந்தச் சிரிப்பைக் கலைக்க எனக்குத் தைரியம் வராது. "மன்னியுங்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். அன்றைக்குப் பணியாரம் ஒன்றும் வரவில்லை.

ஒரு மாதத்தில் புதிய பலகைக்கு எழுதிய வாசகத்தைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். விண்ணப்பம் முழுதாக இருந்தது. அது நல்லது. கடைசி வசனம்தான் எனக்குள் கிடந்து அறுத்தது. "மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் தவறினால் கப்டனுக்கு இவ்விடயம் தெரியவரவில்லை." பாருங்கள், கப்டன் தப்பிவிட்டார். ஒன்பது நாள் ஒரு மனிதனைக் கப்பலில் அடைத்துவைத்தவர் அவர். செவிடனிடம் கேள்வி கேட்டுவிட்டு இறுமாப்பு என்று எழுதியவர் அவர். ஒரு முழத் தமிழுக்கு நாலு வரி ஆங்கிலமா என்று கேட்காதவரும் அவர்தான். அந்த நாலு வரியில் ஏறி உயர்வுக்குப் போனவரும் அவர்தான். பழி மட்டும் சம்பளத்துக்கு வந்த எவனோ ஒரு தமிழனின் தலையில். எழுதிக் கேட்போமா என்று விரலைத் தூக்கினேன். பிறகு, யாருக்காக வாதாடப்போகிறேன் என்று யோசித்தேன். பெயர் தெரியாத அந்த மொழிபெயர்ப்பாளனுக்கா, எனக்கா? 'சரி' என்று ஒரு சொல்லில் பதில் அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை மீன்கடைக்குப் போனேன். வழமை போல, "கொஞ்சம் நில்லுங்கோ அங்கிள்" என்றார். நின்றேன். ஒரு பெண் பாரை வாங்கிக்கொண்டு போனாள். ஒரு கிழவர் இறாலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். எல்லோரும் போனார்கள். அவர் என் மீனைப் பலகையில் வைத்துச் செதிள் எடுக்கத் தொடங்கினார்.

"தம்பி, ஒண்டு சொல்லவேணும்" என்றேன். "அண்டைக்கு முகாமில, கடைசியா நீங்கள் 'ஆனா' எண்டு தொடங்கினது எனக்கு வடிவாக் கேட்டது. அந்த ஒபிசர் அவ்வளவுதானோ எண்டு கேட்க, நான்தான் அவ்வளவுதான் எண்டு சொன்னனான். உங்கட தம்பியின்ர கதை அதாலதான் எழுதப்படேல்லை. நான் உங்களுக்காகக் கதைக்கேல்லை தம்பி."

கத்தி நிற்கவில்லை. செதிள் தெறித்துக்கொண்டே இருந்தது.

"தெரியும் அங்கிள்."

"என்னெண்டு தெரியும்?"

"என்ர லோயர் அம்மா அந்த நேர்காணல் பதிவை எடுப்பிச்சு, வேற ஒரு ஆளைக்கொண்டு கேட்பிச்சவ. நான் 'ஆனா ஐயா' எண்டு சொல்லுறதும் அதில கிடக்கு, நீங்கள் சொன்னதும் கிடக்கு. அதை வைச்சுத்தான் என்ர கேஸைத் திரும்ப எடுத்தவை. தம்பி அதுக்கு முதலே ஊருக்குப் போயிட்டான்."

"எப்ப இது?"

"இந்தக் கடைக்கு நான் வரமுதல்."

அப்படியென்றால் முதல் நாளே தெரியும். இத்தனை சனிக்கிழமையும் தெரியும். "அப்ப ஏன் தம்பி, அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால, எனக்காகக் கதைச்சவர் எண்டு சொன்னியள்?"

அவர் மீனைத் திருப்பி வைத்தார். "கோபத்திலதான் சொன்னனான். உங்கட முகம் எப்பிடிப் போகுது எண்டு பார்க்க." செதிளை ஒதுக்கித் தள்ளிவிட்டு, "நீங்கள் சிரிச்சியள்" என்றார்.

எனக்கு என்னை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. வாசல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. திரும்பிக்கொண்டேன்.

"பிறகு கோபம் மெல்லப் போயிட்டுது" என்றார். "எண்டாலும் நீங்களா ஒருநாள் சொல்லவேணும் எண்டு ஒரு எண்ணம் கிடந்தது. ஆக்களுக்கு முன்னால சொல்ல உங்களுக்கு ஏலாது எண்டு தெரியும். அதுதான் உங்கட மீனை எப்பவும் கடைசியா வெட்டினனான். எல்லாரும் போகட்டும், அவர் ஆறுதலாச் சொல்லட்டும் எண்டு."

மீனைக் கழுவி, இரண்டு பையில் கட்டி, கையில் தந்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமையும் போனேன். எனக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் நாலைந்து பேர். முன்னால் நின்றவர்களுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நில்லுங்கோ என்று சொல்லவில்லை. என் முறை வந்ததும் விளைமீனை எடுத்து வெட்டிப் பையில் போட்டுத் தந்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரிடம் என்ன வேணும் என்று கேட்டார்.